காதால் படித்த புத்தகங்கள்

“‘பொன்னியின் செல்வன்’ கேட்டுக்கொண்டிருக்கிறேன்” என்று அலுவலகத்தில் ஒருநாள் சொன்னேன். “யாரிடம் கேட்டீங்க? எங்க வீட்டு அலமாரியில் ஐந்து பாகமும் தூங்குது. நாளைக்கே கொண்டுவர்றேன்” என்றார் தோழி. தமிழில் ‘கேட்பது’ என்றால் இரண்டு பொருள் உண்டல்லவா? காதால் கேட்கிறேன் என்று விளக்கியதும் அடுத்த கேள்வி வந்தது: “சரி, அதெல்லாம் படிச்ச கணக்கில் சேருமா?”

அதற்குப் பதில் சொல்லுமுன், கடந்த நான்கு ஆண்டுகளில் என் காதுக்குள் போன சில புத்தகங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பொங்கோலில் வீடு, ஜூரோங்கில் வேலை. பெருவிரைவு ரயிலில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல், திரும்பி வரவும் அதே அளவு. காலை நெரிசலில் கைப்பிடியைப் பிடிக்கவே இன்னொரு கை வேண்டும். புத்தகத்தை விரிப்பது எங்கே?

வீட்டில் இன்னும் இருவர் கேட்கிறார்கள். அம்மாவுக்கு 74 வயது. குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்து, திருமணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். வார இதழ் ஒன்றுவிடாமல் படித்தவருக்கு, குளுக்கோமா என்னும் கண் அழுத்த நோயால் இப்போது எழுத்து தெரிவதில்லை. மகள் உயர்நிலை ஒன்று. தமிழ் பேசுவாள், புரிந்துகொள்வாள். ஆனால் அவள் ஒரு பக்கத் தமிழைப் படித்து முடிக்கும் நேரத்தில் ஆங்கிலத்தில் ஓர் அத்தியாயமே முடிந்துவிடும். நேரமில்லாத நான், கண் தெரியாத அம்மா, எழுத்தோடு மல்லுக்கட்டும் மகள் என மூன்று பேருக்கும் ஒலிநூல் மூன்று விதமாகப் பயன்படுகிறது. இந்தக் கட்டுரையில் உள்ள கருத்துகளும் அந்த மூன்று காதுகளில் இருந்து வருபவைதான்.

கல்கிக்குக் காது கொடுத்தால்

தமிழ் ஒலிநூல் உலகில் நுழையும் எவரும் முதலில் சந்திப்பது கல்கியைத்தான். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் பலரும் பலவிதமாக வாசித்து வெளியிட்டிருக்கிறார்கள். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை. ஒவ்வோர் அத்தியாயமும் சிறியது. முடியும் இடத்தில் ஒரு கொக்கி இருக்கும். அன்று அடுத்த வார இதழுக்காகக் காத்திருந்தார்கள். இன்று சிராங்கூனில் ஏறி ஊட்ரம் பார்க்கில் இறங்குவதற்குள் ஓர் அத்தியாயம் முடிந்து, வண்டி மாறும்போது அடுத்தது தொடங்கிவிடுகிறது. ரயில் பயணத்துக்காகவே எழுதியது போல் இருக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. பாம்பே கண்ணன் தயாரித்த பதிப்பில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல்; பின்னணி ஒலியும் சேரும். அம்மாவுக்குப் பிடித்தது இதுதான். தோட்டத்தில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்து நாடகம் கேட்ட தலைமுறை அல்லவா? ஆழ்வார்க்கடியான் வாக்குவாதத்தில் இறங்கினால் அம்மா தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். இன்னொரு வகை, ஒரே குரல் முழு நாவலையும் வாசிப்பது. கல்கியின் நாவல்களை அப்படி வாசிக்கும் தீபிகா அருணின் ‘கதை ஓசை’ எனக்கு நெருக்கமானது. காரணம் எளிது. நாடகமாக்கினால் உரையாடல் முன்னால் வந்து வர்ணனை பின்னால் போய்விடும். ஒரே குரல் வாசிக்கும்போது, கதையை நிறுத்திவிட்டு வாசகரோடு நாலு வார்த்தை பேசும் கல்கி நம் பக்கத்திலேயே இருக்கிறார்.

என் பரிந்துரை: கதை தெரியாதவர்கள் பல குரல் பதிப்பில் தொடங்குங்கள், யார் பேசுகிறார் என்ற குழப்பம் வராது. ஏற்கெனவே படித்தவர்கள் ஒற்றைக் குரலுக்குப் போங்கள். ஒரு சிக்கல் மட்டும் இரண்டிலும் உண்டு. முந்திய பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது. பழுவேட்டரையரில் பெரியவர் யார், சின்னவர் யார் என்று என் மகள் திணறியபோது, ஒரு தாளில் சோழர் குடும்ப மரத்தை வரைந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தாள். அதில் அவள் தவறவிட்ட உறவுகளைச் சொல்லிக் கொடுத்தவர், அந்தத் தாளைப் பார்க்க முடியாத பாட்டி.

பேச்சு எழுத்தானதைக் கேட்டால்

பள்ளித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டு தமிழ் தெரிய வேண்டியிருக்கிறது. வீட்டில் “வந்தாங்க”, தாளில் “வந்தார்கள்”. வட்டார வழக்கில் எழுதிய கதை என்றால் மூன்றாவது தமிழும் சேர்ந்துகொள்ளும். கி.ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதையை மகளுக்கு அச்சில் கொடுத்தபோது இரண்டாம் பத்தியிலேயே நின்றுவிட்டாள். கரிசல் மண்ணின் சொற்கள் அவள் கண்ணுக்கு அந்நியமாக இருந்தன. ஒலிவடிவில் கேட்கவைத்தபோது நிற்கவில்லை. தெரியாத சொல் வந்தாலும் குரலின் ஏற்ற இறக்கம் அவளை அடுத்த வாக்கியத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வரி கட்டாததற்காக வீட்டுக் கதவைக் கழற்றி எடுத்துப் போகும் இடத்தில், “கதவையா? அப்புறம் குளிருமே?” என்று கேட்டாள். கதையின் உயிர் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளை அதைத் தானாகக் கேட்டுவிட்டால் பிறகு நாம் விளக்க எதுவும் இல்லை.

புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ வேறு வகை. சென்னைத் தெருவில் வந்து நிற்கும் கடவுளைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போகும் கந்தசாமிப் பிள்ளை, தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா பிடிப்பதிலேயே குறியாக இருப்பார். இதை வாசிப்பவர் சிரிக்கக் கூடாது. சிரிக்க வைக்கவும் முயலக் கூடாது. கந்தசாமிப் பிள்ளை முழு அக்கறையோடு பேசினால்தான் கிண்டல் கிண்டலாக நிற்கும். நான் கேட்ட இரண்டு வாசிப்புகளில் ஒன்று ஒவ்வொரு வரியிலும் ‘இது நகைச்சுவை’ என்று முதுகில் தட்டிச் சொன்னது. மற்றது அரசாங்கக் கடிதம் படிப்பதுபோல் சாதாரணமாகச் சொன்னது. ரயிலில் என்னைச் சத்தமாகச் சிரிக்க வைத்தது இரண்டாவதுதான்.

எழுதியவரே வாசித்தால்

ஆங்கில ஒலிநூல்களில் நான் முதலில் பார்ப்பது வாசிப்பவரின் பெயரை. எல்லா எழுத்தாளர்களுக்கும் வாசிக்க வராது. வந்தவர்களில் எனக்கு முதலிடத்தில் இருப்பவர் டிரெவர் நோவா. 2016ல் வெளிவந்த ‘பார்ன் எ கிரைம்’ அவருடைய இளமைக்கால வரலாறு. தென்னாப்பிரிக்காவில் இன ஒதுக்கல் ஆட்சியில், கறுப்பினத் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்தவர். அந்த உறவே சட்டப்படி குற்றம் என்பதால் பிறப்பே குற்றமானது. மொழிதான் இந்த நூலின் மையம். எதிரில் இருப்பவரின் மொழியைப் பேசிவிட்டால், நிறம் வேறாக இருந்தாலும் ‘நம்ம ஆள்’ ஆகிவிடலாம் என்பதைச் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார். அச்சில் ‘அவர்கள் சூலு மொழியில் பேசினார்கள்’ என்று படித்துவிட்டுக் கடந்துவிடுவோம். ஒலிநூலில் அவர் கோசா, சூலு, ஆஃப்ரிகான்ஸ் என்று மாறிமாறிப் பேசுகிறார்; அம்மாவின் அதட்டலையும் அப்படியே கொண்டுவருகிறார். காப்பிக்கடையில் ஒருவரிடம் மலாய், மற்றவரிடம் ஆங்கிலம், பக்கத்தில் இருப்பவரிடம் தமிழ் என்று மாற்றிப் பேசும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. சில இடங்களில் கரடுமுரடான சொற்கள் வரும். இளையர்களுக்கான பதிப்பு தனியாக உண்டு, பிள்ளைகளுக்கு அதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது ஆபிரகாம் வர்கீஸ். கேரளப் பெற்றோருக்கு எத்தியோப்பியாவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2023ல் வந்த அவருடைய ‘தி கவனன்ட் ஆஃப் வாட்டர்’ நாவலை அவரே வாசித்திருக்கிறார். ஏறத்தாழ 31 மணி நேரம்! 1900ல் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி திருமணமாகிப் புகுந்த வீட்டில், தலைமுறைதோறும் யாராவது ஒருவர் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார். 1977 வரை நீளும் கதை. கேரளத்து ஊர்ப்பெயர்களும் உறவுப்பெயர்களும் சரியான ஒலிப்பில் வருவது நம் காதுக்குத் தனி நிம்மதி. நம்மூர்ப் பெயர்களை அயலவர் கடித்துத் துப்புவதைக் கேட்டுக் கேட்டு அலுத்தவர்களுக்கு இது புரியும். குறை ஒன்று உண்டு: நடுப்பகுதியில் மருத்துவ விவரங்கள் நீள்கின்றன. நான் அந்த இடங்களில் பாத்திரம் கழுவினேன், ஒன்றும் நஷ்டமில்லை.

ஆசிரியர் வாசிக்கவே முடியாமல் போன நூலும் ஒன்று உண்டு. பால் கலாநிதி, மூளை நரம்பியல் அறுவை மருத்துவர். நுரையீரல் புற்றுநோயால் 2015 மார்ச்சில், 37 வயதில் மறைந்தார். அவருடைய ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’ மறு ஆண்டு வெளிவந்தது; முன்னுரை எழுதியவர் மேலே சொன்ன வர்கீஸ்தான். ஒலிநூலில் கலாநிதியின் பகுதியை ஓர் ஆண்குரல் வாசிக்கிறது. கடைசியில் அவருடைய மனைவி லூசி எழுதிய பகுதிக்குப் பெண்குரல் வருகிறது. அச்சில் அது ஒரு புதிய தலைப்பு, அவ்வளவுதான். காதில் கேட்கும்போது, இத்தனை நேரம் பேசிக்கொண்டிருந்த குரல் இனி வராது என்று உடம்புக்குத் தெரிகிறது. இதை ரயிலில் கேட்காதீர்கள்.

சிரிப்பும் வியப்பும் வேண்டுவோருக்கு ஆண்டி வியரின் ‘புராஜெக்ட் ஹெயில் மேரி’. என் தம்பி ஓயாமல் பரிந்துரைத்த அறிவியல் புனைகதை. அதில் வரும் வேற்றுக்கோள் உயிர், இசைச் சுரங்களால் பேசும். அச்சில் அதற்கு இசைக்குறிகள்தான் இருக்கும். ஒலிநூலில் சுரங்களாகவே கேட்கிறது. புத்தகத்தைவிட ஒலிநூல் ஒருபடி மேலே போன அரிய இடம் இது.

காதுக்கு ஒட்டாதவை

எல்லாப் புத்தகமும் காதுக்கு ஏற்றதல்ல. டேனியல் கானமனின் ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ அருமையான நூல். ஆனால் அது நம்மைப் படம் பார்க்கச் சொல்லும். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளைக் காட்டி எது நீளம் என்று கேட்கும். கண்ணை ஏமாற்றும் கோட்டைக் காதால் எப்படிப் பார்ப்பது? அந்த நூலை அச்சிலேயே படியுங்கள். யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஏறத்தாழ 15 மணி நேரம் கதைபோல ஓடும். ஆனால் ஆண்டுகளும் எண்களும் மறுநாளே மறந்துவிடும். ஜேம்ஸ் கிளியரின் ‘அட்டாமிக் ஹேபிட்ஸ்’ காதுக்கு மிகவும் பொருத்தம். ஆறு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் சுருக்கம் வரும். காய் நறுக்கிக்கொண்டே கேட்கலாம். நடுவில் தொலைபேசி வந்தாலும் நூல் கைவிட்டுப் போகாது.

ஆகவே, என் அளவுகோல் இது: கதையாகவோ வாதமாகவோ ஒரே கோட்டில் ஓடும் நூல் காதுக்கு, நிறுத்தி, அடிக்கோடிட்டு, திரும்பிப் பார்க்க வேண்டியது கண்ணுக்கு.

காதுக்கு ஒட்டாத இன்னொன்று, கணினிக் குரல். செலவு குறைவு என்பதால் தமிழில் இது பெருகிவருகிறது. ஆங்கிலத்தில் ஓரளவு தேறிவிட்டது. தமிழில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இரக்கப்பட்டுச் சொல்லும் ‘பாவம்’ ஒன்று, நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் ‘பாவம்’ வேறொன்று. எழுத்தில் இரண்டும் ஒன்றே, உச்சரிப்பு வேறு. மனிதர் இடம் பார்த்து வாசிப்பார். நான் கேட்ட ஒரு கணினிக் குரலில், மேடையில் பாவத்துடன் ஆடியவள் ஏதோ தீவினை செய்தவள் ஆகிவிட்டாள். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும் குரல்களும் உண்டு, இதில் மனிதர்களும் அடக்கம். காதால் தமிழ் கற்கும் பிள்ளைக்கு அது அப்படியே எழுத்துப்பிழையாக இறங்கும். ஆகவே, பிள்ளைகளுக்குத் தேர்வு செய்யும்போது முதல் ஐந்து நிமிடம் நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

சரி, படித்த கணக்கா?

தோழியின் கேள்விக்கு வருவோம். ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. 2016ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு நூலின் பகுதியைச் சிலர் கேட்டார்கள், சிலர் திரையில் படித்தார்கள், சிலர் இரண்டையும் ஒருசேரச் செய்தார்கள். உடனே சோதித்தபோதும், இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2010ல் வந்த மற்றோர் ஆய்விலோ, பாடப்பகுதியை வலையொலியாகக் கேட்ட மாணவர்கள் படித்தவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். கதைக்குச் செவி போதும், தேர்வுக்குக் கண் வேண்டும் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

நம் மரபுக்கு இந்தக் கேள்வியே புதிது. ‘பாடம் கேட்டல்’ என்றுதான் நாம் சொல்லிவந்திருக்கிறோம். உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ முழுக்க இதுதான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடம் கேட்டார். ஆசிரியர் பாடல் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் மாணவர்கள் அருகில் இருந்தார்கள். இந்த நூலை ஒலிவடிவில் கேட்டது தனி அனுபவம். வள்ளுவரும் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

ஆனால் மரபைச் சொல்லி மகளின் படிப்பைக் காதோடு நிறுத்திவிட முடியாது. பாடம் கேட்டவர்கள் ஏட்டையும் படித்தார்கள். கேட்பது மட்டும் போதும் என்று விட்டால், பத்தாண்டுகளில் தமிழைப் புரிந்துகொள்ளும், ஆனால் தமிழ்ப் பெயர்ப்பலகையைக்கூட எழுத்துக்கூட்டிப் படிக்கும் தலைமுறை வந்துவிடும். எனக்கு அந்தப் பயம் உண்டு. அதனால் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள், இருபது நிமிடம், குரல் ஓடும்போது மகள் அச்சுப் புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடர்கிறாள். வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறோம். எட்டு மாதமாகிறது. இப்போது சில நாள்களில் குரலை நிறுத்திவிட்டு அடுத்த பக்கத்தைத் தானே படிக்கிறாள், கதை எங்கே போகிறது என்ற அவசரத்தில். தமிழ்த் தேர்வில் பெரிய மாற்றம் என்று சொல்வதற்கில்லை. தமிழ்ப் புத்தகத்தைத் திறக்க அவள் தயங்குவதில்லை. எனக்கு இப்போதைக்கு அது போதும்.

அம்மாவின் கணக்கு வேறு. ஒலிநூல் முதலில் பிறந்ததே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களை மனத்தில் வைத்து உருவானவை பிரிட்டனின் பேசும் புத்தகங்கள்; 1935ல் வெளிவந்த முதல் நூல்களில் அகதா கிறிஸ்டியின் துப்பறியும் நாவலும் ஒன்று. பார்வை மங்கிய புதிதில் அம்மா, “யாராவது கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்” என்று கேட்பார். நாங்கள் நேரம் தேடுவோம். இப்போது அவர் யாரையும் எதிர்பார்ப்பதில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, “நான் நாலாம் பாகத்துக்குப் போயிட்டேன், நீ எங்கே இருக்கே?” என்று என்னைக் கேட்கிறார். படித்தவர் என்ற தம் பழைய இடத்துக்கு அவர் திரும்பிவிட்டார்.

தொடங்க நினைப்போருக்கு

ஆங்கில ஒலிநூல்களுக்குச் செலவு தேவையில்லை. தேசிய நூலக உறுப்பினர்கள் ‘லிபி’ செயலி வழி இலவசமாக இரவல் பெறலாம். புகழ்பெற்ற நூல்களுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டிவரும், அவ்வளவுதான். தமிழுக்கு ‘ஸ்டோரிடெல்’ போன்ற கட்டணச் செயலிகளும், யூடியூபிலும் வலையொலித் தளங்களிலும் கிடைக்கும் இலவச வாசிப்புகளும் உண்டு. முதல் நூலாக முப்பது மணி நேர நாவலை எடுக்காதீர்கள். அரை மணி நேரச் சிறுகதை போதும். வேகத்தை ஒன்றரை மடங்குக்கு ஏற்றிக் கதை கேட்பது, பாயசத்தை மாத்திரைபோல் விழுங்குவது. முதியோருக்கு அமைத்துக் கொடுக்கும்போது, திரையில் ஒரே ஒரு பெரிய பொத்தானை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்துவையுங்கள்.

ஒரே ஏக்கம்: நம் கதைகள். கல்கியும் கி.ரா.வும் தேடியவுடன் கிடைக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசிய எழுத்தாளர்களின் கதைகள் என் தேடலில் அரிதாகவே சிக்குகின்றன. வானொலிக்கு நாடகம் எழுதிய ந.பழனிவேலு, வானொலியில் பணியாற்றிய நாவலாசிரியர் ரெ.கார்த்திகேசு போன்றோர் இருந்த மண் இது. குரலுக்கும் எழுத்துக்கும் இங்கே பழைய உறவு உண்டு. தோட்டத்துப் பெரட்டுக்களத்தையும் புளோக்கின் கீழ்த்தளத்தையும் நம் உச்சரிப்பிலேயே வாசிக்க நம்மிடம் ஆள் இல்லாமலா போய்விட்டது? ஒலிபரப்பாளர்கள், நாடகக் கலைஞர்கள், மேடையில் கதை சொல்லும் மாணவர்கள் என்று குரல்கள் நிறைய இருக்கின்றன. எழுத்தாளரின் அனுமதியும் ஓர் அமைதியான அறையும் இருந்தால் தொடங்கிவிடலாம். யாராவது தொடங்கினால் சொல்லுங்கள். கேட்க எங்கள் வீட்டில் மூன்று பேர் தயாராக இருக்கிறோம்.